எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை: எரிபொருள் பம்பு ரிலே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. உடனே எல்லோர் வாயிலும் வருவது "பம்பு போய்விட்டது" என்பதுதான். டேங்கை இறக்குகிறார்கள், புதுப் பம்பு போடுகிறார்கள். சில நேரம் அதுவே சரியான வைத்தியம். ஆனால் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு ரிலே செய்த குற்றத்துக்குப் பம்பு தண்டனை பெறுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். டேங்கில் கை வைப்பதற்கு முன் அந்த ரிலேக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். ரிலேதான் பழுது என்று தெரிந்த பிறகும், அது எதனால் பழுதானது என்று கேட்காமல் பியூஸ் பெட்டியை மூடிவிடாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரியும், டேங்குக்குள் மின்சாரப் பம்பும் உள்ள இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களுக்கானது. மற்ற வகைகளைப் பற்றி ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

இந்த ரிலே என்னதான் செய்கிறது?

ஓடும்போது பம்பு பொதுவாக 4 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தை எஞ்சின் கணினி தன் வழியாக விடுவதில்லை. அது ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளை மட்டும் இயக்குகிறது; அதற்கு ஓர் ஆம்பியரில் கால் பங்கு போதும். சுருள் காந்தமாகி ஒரு சிறு இரும்புத் தகட்டை இழுக்கிறது. தகட்டோடு நகரும் தொடுமுனை எதிரே உள்ள முனையைத் தொடுகிறது. பேட்டரியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டம் அந்தத் தொடுகை வழியாகப் பம்புக்குப் போகிறது.

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பெரும்பாலான கார்களில் கணினி ரிலேயை 2 அல்லது 3 விநாடி மட்டும் இயக்கும். எஞ்சின் சுற்றுகிறது என்ற தகவல் சென்சாரிலிருந்து வராவிட்டால் பம்பை நிறுத்திவிடும். விபத்தில் எஞ்சின் நின்றுபோனால் பெட்ரோல் தொடர்ந்து பீய்ச்சப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிலேயைத் தவிர்த்து நேராகக் கம்பி போட்டு ஓட்டலாமா என்று பிறகு கேட்பீர்கள். அதற்கான விடை இங்கே இருக்கிறது.

ரிலே கெட்டுவிட்டது என்பதற்கு என்ன அறிகுறி?

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் இருப்பது முதல் அறிகுறி. ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் பேட்டரியைப் பாருங்கள்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சட்டென்று அணைந்துவிடுவது. விளக்கை அணைத்தது போல் ஒரே வெட்டாக நிற்கும். சிறிது நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். வேகச் சாலையில் இப்படி நின்றால் உயிருக்கே ஆபத்து. ஒரு முறை நடந்தாலும் "தானாகச் சரியாகிவிட்டது" என்று விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது பலருக்குத் தெரியாது. தொடுமுனைகள் சூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்த பிறகும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். பின் இருக்கைப் பக்கம் ஓயாத ரீங்காரம் கேட்கும். மறுநாள் காலை பேட்டரி காலியாகியிருக்கும். அப்படிக் கேட்டால் உடனே ரிலேயைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

நான்காவது, மேட்டில் ஏறும்போதோ வேகம் எடுக்கும்போதோ எஞ்சின் திணறுவது. இதற்குப் பம்பு, ஃபில்டர், ரிலே மூன்றும் காரணமாகலாம். ரிலே எப்படிக் காரணமாகும் என்பதை வோல்ட் இழப்பு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

காலையில் கிளம்புகிறது, வெயிலில் நிறுத்தி எடுத்தால் கிளம்ப மறுக்கிறது. ஏன்?

சில ரிலேக்களுக்குள் ஒரு சிறு சர்க்யூட் பலகை இருக்கும். ரிலேயின் கால்கள், அதாவது சாக்கெட்டில் செருகும் உலோக முனைகள், அந்தப் பலகையில் ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடாகி, குளிர்ந்து, அதிர்ந்து, அந்தப் பற்றில் விரிசல் விழுகிறது. கூட்டைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பளபளப்பான ஈயக் குமிழின் நடுவே, காலைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். குளிர்ந்திருக்கும்போது அந்த விளிம்புகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது இடைவெளி விழுந்து இணைப்பு அறுந்துவிடும்.

1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த 'மெயின் ரிலே' இந்தக் குறைக்குப் பேர்போனது. ஒரே கூட்டுக்குள் இரண்டு ரிலேக்கள். ஒன்று எஞ்சின் கணினிக்கு, மற்றொன்று பம்புக்கு. கார் வெயிலில் நிற்கும்; கிளம்பாது. கதவுகளைத் திறந்துவைத்து உள்ளே காற்றோடவிட்டால் கிளம்பிவிடும். இன்றைக்கும் சூட்டில் மட்டும் அடம்பிடிக்கும் காரைக் கண்டால் எனக்கு முதலில் ரிலே மீதுதான் சந்தேகம் போகும்.

பம்பா, ரிலேயா? கருவி எதுவும் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முழுத் தீர்ப்பு சொல்ல முடியாது. திசை காட்ட முடியும். எரிபொருள் மூடியைத் திறந்து காதை அருகில் வையுங்கள். இன்னொருவர் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பட்டும். 2, 3 விநாடி "ம்ம்ம்" என்று ஒலி கேட்டு அடங்கினால் பம்புக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். அந்த நேரத்தில் ரிலே வேலை செய்கிறது. ஒலி இல்லாவிட்டால் பியூஸ், ரிலே, கம்பி, பம்பு, கணினி எல்லாமே சந்தேகத்தில் இருக்கின்றன. (கதவைத் திறந்ததுமே பம்பை ஓட்டிவிடும் கார்களும் உண்டு, உங்கள் காரின் பழக்கம் எது என்று நல்ல நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது உதவும்.)

அடுத்து, ரிலேயின் தலையில் விரலை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். உள்ளே 'டக்' என்று ஒரு துடிப்பு விரலில் படும். துடிப்பே இல்லையென்றால் சுருள் இயங்கவில்லை: சுருள் அறுந்திருக்கலாம், அல்லது கணினியிலிருந்து உத்தரவு வரவில்லை.

துடிப்பு இருந்தால் ரிலே நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. 'டக்' என்றால் தகடு நகர்ந்தது என்று மட்டுமே பொருள். தொடுமுனை கரிந்து மின்சாரத்தைக் கடத்தாமல் இருக்கலாம்; கதவு திறந்திருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரிலேயை மெல்லத் தட்டுங்கள். எஞ்சின் பிடித்தால் கோளாறு ரிலேயிலோ அதன் சாக்கெட்டிலோ இருக்கிறது. டேங்கின் அடியை ரப்பர் சுத்தியால் தட்டியபோது பிடித்தால், பம்பு மோட்டாரின் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ரிலே எங்கே இருக்கும்?

பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் உள்ள பியூஸ் பெட்டியில். அங்கே இல்லையென்றால் ஓட்டுநர் பக்க டேஷ்போர்டுக்குக் கீழே, கையுறைப் பெட்டிக்குப் பின்னால், பின் இருக்கைக்கு அடியில், டிக்கியின் பக்கச் சுவருக்குள் என்று தேட வேண்டியிருக்கும். பியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் 'எஃப்.பி.' என்றோ, 'ஃபியூயல் பம்ப்' என்றோ, பெட்ரோல் நிரப்பும் குழாயின் சின்னமாகவோ குறித்திருப்பார்கள். டொயோட்டா கார்கள் பலவற்றில் இது 'சர்க்யூட் ஓப்பனிங் ரிலே' என்ற பெயரில் இருக்கும். பெயரில் பம்பு இல்லையே என்று ஏமாந்துவிட வேண்டாம். பழைய வோக்ஸ்வேகன் கார்களில் ரிலேயின் தலையில் ஓர் எண் அச்சாகியிருக்கும். 167, 409 என்பவை பம்பு ரிலேயின் எண்களாகப் பழகிப்போனவை.

டேஷ்போர்டுக்கு அடியில் தேடும்போது மஞ்சள் நிற உறையோ இணைப்பானோ உள்ள கம்பிகளைத் தொடாதீர்கள். அவை ஏர்பேக் கம்பிகள்.

வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா?

கட்டாயம். செலவில்லாத சோதனை இது. பியூஸ் பெட்டியில் ஹார்னுக்கோ ஏசிக்கோ அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். எஞ்சின் பிடித்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. பழையது ஹார்னின் இடத்தில் உட்கார்ந்து ஹார்னையும் ஊமையாக்கினால் முழு வழக்கும் முடிந்தது.

ஆனால் அளவும் நிறமும் ஒன்றாக இருப்பது போதாது. தலையில் உள்ள எண், கால்களின் எண்ணிக்கை, கால்களின் அமைப்பு, பக்கவாட்டில் வரைந்திருக்கும் சிறு மின்படம், எல்லாம் பொருந்த வேண்டும். ஒரே சாக்கெட்டில் உட்காரும் இரண்டு ரிலேக்களில் கால்களின் வேலை மாறியிருப்பதும் உண்டு.

மாற்றியும் பிடிக்கவில்லையென்றால் "ரிலே நல்லது, பம்புதான்" என்று தாவ வேண்டாம். ரிலேக்கு வரும் மின்சாரமும் உத்தரவும் சரியா என்று இன்னும் நாம் பார்க்கவில்லை.

30, 85, 86, 87 என்று கால்களில் எழுதியிருக்கிறதே, அவை என்ன?

ஜெர்மனியின் டின் 72552 தரநிலையிலிருந்து வந்த எண்கள். 30 என்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் கால். 87 பம்புக்குப் போகும் கால். 85, 86 இரண்டும் சுருளின் இரு முனைகள். ஐந்து கால் ரிலேயில் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும்; ரிலே ஓய்வில் இருக்கும்போது 30 அதோடு சேர்ந்திருக்கும், இயங்கும்போது 87-க்கு மாறும். சில ஆசியத் தயாரிப்புகளில் 1, 2, 3, 5 என்று வேறு எண்கள் இருக்கும். அப்போது ரிலேயின் பக்கத்தில் உள்ள படத்தைப் பார்த்துச் சுருள் எது, தொடுமுனை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் பம்பின் பியூஸ். கண்ணால் பார்த்தால் போதாது. மீட்டர் வைத்துப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ரிலேயைக் கழற்றி, காலியான சாக்கெட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

மின்சாரம் வருகிறதா? மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்பு முனையை 30-க்கான துளையிலும் வையுங்கள். பேட்டரியின் வோல்ட், அதாவது 12.4 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். சில கார்களில் சாவியைத் திருப்பிய பிறகே இங்கு மின்சாரம் வரும். ஆகவே இரண்டு நிலையிலும் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் குறை ரிலேக்கு முன்னால் இருக்கிறது.

உத்தரவு வருகிறதா? மீட்டரை 85, 86 துளைகளுக்கு இடையே வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 2, 3 விநாடி 12 வோல்ட் அளவில் எழுந்து விழ வேண்டும். பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றும்வரை நிற்க வேண்டும் (ஸ்டார்ட்டர் இழுப்பதால் 10 வோல்ட் அளவுக்கு இறங்குவது இயல்பு). இரண்டு துளைகளுக்கும் இடையே அளப்பதில் ஒரு வசதி இருக்கிறது: கணினி சுருளுக்கு நேர்முனையைக் கொடுத்து இயக்கும் காரானாலும், எர்த்தை, அதாவது எதிர்முனையைக் கொடுத்து இயக்கும் காரானாலும், இந்த ஒரே சோதனை போதும். உத்தரவு வராவிட்டால் ரிலே நிரபராதி. திருட்டுத் தடுப்புப் பூட்டின் விளக்கு மின்னுகிறதா, எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் வந்து, சுற்றும்போது வராமல் போனால் கிராங்க் சென்சார் மீது என் சந்தேகம் வலுக்கும்.

பம்புவரை வழி இருக்கிறதா? இதற்குத்தான் அடுத்த கேள்வி.

30-ஐயும் 87-ஐயும் கம்பியால் இணைத்துப் பார்க்கலாம் என்கிறார்களே, ஆபத்து இல்லையா?

சரியான துளைகளில், பியூஸ் வைத்த கம்பியால் செய்தால் பாதுகாப்பான, தெளிவான சோதனை. தவறான துளையில் செருகினால் எஞ்சின் கணினியையே எரித்துவிடும். எனவே துளைகளின் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். 85, 86 துளைகளின் பக்கமே கம்பி போகக் கூடாது. கம்பியின் நடுவில் உங்கள் காரின் பம்பு பியூஸ் என்ன அளவோ அதே அளவு பியூஸ் இருக்கட்டும். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையை ஆரம்பிக்கவே வேண்டாம். கசிவை முதலில் கண்டுபிடியுங்கள்.

இணைத்ததும் பம்பு சீராக ஓடினால் பம்பும் அதன் கம்பியும் எர்த்தும் உயிரோடு இருக்கின்றன. முந்தைய இரு கேள்விகளுக்கும் "வருகிறது" என்று விடை கிடைத்திருந்தால், எஞ்சியிருக்கும் குற்றவாளி ரிலேதான். இணைத்தும் ஓடாவிட்டால், டேங்கின் மேலுள்ள இணைப்பானில் 12 வோல்ட் வந்து சேர்கிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். இரண்டும் சரி, பம்பு அசையவில்லை என்றால் இப்போது தாராளமாகப் பம்பைக் குற்றம் சொல்லலாம். சில கார்களில், குறிப்பாகப் பல ஃபோர்டு மாடல்களில், மோதலின்போது பம்பை நிறுத்தும் அதிர்வு ஸ்விட்ச் ஒன்று வழியில் இருக்கும். பலமான குழியில் விழுந்தாலும் அது விடுபட்டுவிடலாம். அதன் தலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் வழி திறக்கும்.

அந்தக் கம்பியோடு வீடுவரை ஓட்டிப் போகலாமா?

வேண்டாம். முதல் கேள்வியில் சொன்ன பாதுகாப்பை அந்தக் கம்பி முழுவதுமாக நீக்கிவிடுகிறது. மோதி எஞ்சின் நின்றாலும் பம்பு நிற்காது. உடைந்த குழாய் வழியே பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்கும். வழியில் நின்றுபோனால் அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயையோ ஏசி ரிலேயையோ கடன் வாங்கிப் போடுங்கள். ஏசி இல்லாமல் வீடு வந்து சேரலாம்.

கழற்றிய ரிலேயை மேசையில் வைத்துச் சோதிப்பது எப்படி?

85, 86 இடையே மீட்டரில் ஓம் பாருங்கள். 12 வோல்ட் கார் ரிலேக்களில் பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை இருக்கும். முடிவில்லா எண் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. 30, 87 இடையே இப்போது இணைப்பு இருக்கக் கூடாது. இருந்தால் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு 86-க்கு பேட்டரியின் நேர்முனை, 85-க்கு எதிர்முனை கொடுங்கள். 'டக்' என்ற ஒலியோடு 30, 87 இடையே ஓம் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். ரிலேயின் படத்தில் சுருளுக்குப் பக்கத்தில் முக்கோணமும் கோடும் சேர்ந்த டயோடு குறி இருந்தால் முனைகளை மாற்றிக் கொடுக்கவே கூடாது, டயோடு எரிந்துவிடும்.

பலர் இங்கே நிறுத்திக்கொண்டு "ரிலே நல்லது" என்று திரும்ப மாட்டிவிடுகிறார்கள். மீட்டர் ஓம் அளக்க அனுப்பும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. ஒரு நூலிழை அளவு தொடுகை இருந்தாலும் அது கடந்துபோகும். பம்பின் 6 ஆம்பியர் அந்த நூலிழையில் கடக்காது.

எனவே சுமை கொடுத்துச் சோதியுங்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும்; பம்புக்கு அது நல்ல மாற்றாள். ரிலேயை இயக்கி, தொடுமுனைகள் வழியாகப் பல்பை எரியவிட்டு, 30-க்கும் 87-க்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த ரிலேயை நம்பமாட்டேன். சூட்டில் மட்டும் வரும் குறை என்றால், பல்பு எரியும்போதே தலைமுடி உலர்த்தியால் ரிலேயைச் சூடாக்கி ஐந்து நிமிடம் காத்திருங்கள். பல்பு கண் சிமிட்டினால் விடை கிடைத்துவிட்டது.

வோல்ட் இழப்பு அவ்வளவு பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கரிந்த தொடுமுனையில் அரை ஓம் தடை இருக்கிறது, 6 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட் ரிலேயிலேயே தொலைந்துவிடும். பம்பு அந்த அளவு மெதுவாகச் சுற்றும், அழுத்தம் குறையும், மேட்டில் எஞ்சின் திணறும். தொலைந்த 3 வோல்ட் 18 வாட் சூடாக அந்தச் சின்னக் கூட்டுக்குள் வெளிப்படும். ஈயப்பற்று வைக்கும் சிறிய சூட்டுக்கோலின் சூடு அது. பிளாஸ்டிக் பழுப்பேறுவதும் சாக்கெட் உருகுவதும் இதனால்தான்.

புது ரிலே வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழையதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். எண், கால் அமைப்பு, வோல்ட், ஆம்பியர், இவற்றோடு படத்தில் சுருளுக்குப் பக்கத்தில் ரெசிஸ்டரோ டயோடோ இருக்கிறதா என்றும் ஒப்பிடுங்கள். சுருளில் மின்சாரம் அறும் கணத்தில் பல பத்து வோல்ட்டுக்கு மேல் ஓர் அதிர்ச்சி கிளம்பும்; அதை விழுங்கிக் கணினியைக் காப்பதற்காகவே அந்தச் சிறு உறுப்பை உள்ளே வைத்திருக்கிறார்கள். அது இல்லாத ரிலேயைப் போட்டாலும் கார் ஓடும். ஆனால் பாதுகாப்பு போய்விடும்.

30 ஆம்பியர் ரிலேக்குப் பதிலாக அதே அமைப்புள்ள 40 ஆம்பியர் போடுவதில் கெடுதல் இல்லை. பெரிய பலனும் இல்லை. பியூஸை மட்டும் ஒருபோதும் பெரிதாக்காதீர்கள்.

மாற்றும் முறை?

சாவியை எடுத்துவிட்டு, பிரேக்கைப் போட்டு, எஞ்சின் சூடு தணியும்வரை இருங்கள். பெட்டிக்குள் இரும்பு இடுக்கி நுழைக்க வேண்டியிருந்தால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது நல்லது. பியூஸ் பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிலேயைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தபடி நேர் மேலாக இழுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் சாக்கெட் உடையும்.

புதியதைச் செருகுமுன் சாக்கெட்டுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் மின் இணைப்புகளுக்கான துப்புரவுத் தெளிப்பானை அடித்து உலரவிடுங்கள். பிறகு கட்டைவிரலால் அடிவரை அழுத்துங்கள். சாவியை ஆன் செய்து 3 விநாடி, அணைத்து, மறுபடி ஆன். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் குழாயில் அழுத்தம் ஏறும். அதன்பின் ஸ்டார்ட் செய்யுங்கள். வேலை அவ்வளவுதான்.

ரிலேயின் ஒரு கால் மட்டும் கறுத்திருக்கிறது. புதியதைப் போட்டுவிட்டால் போதுமா?

போதாது. என் உறவினர் ஒருவரின் கார் இப்படித்தான் மூன்று ரிலேக்களைத் தின்றது. ஒரு பணிமனையில் முதலில் பம்பை மாற்றினார்கள், குறை போகவில்லை. பிறகு ரிலேயை மாற்றினார்கள், சில வாரம் ஓடியது. திரும்பவும் நின்றது, திரும்பவும் ரிலே. என்னிடம் வந்தபோது மூன்றாவது ரிலேயைக் கழற்றிப் பார்த்தேன். மற்ற கால்கள் வெள்ளியாக மின்ன, 87-ம் கால் மட்டும் நுனிவரை ஊதாவும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தது. சாக்கெட்டில் அதற்கான துளையின் ஓரம் மெழுகு இளகியது போல் வளைந்திருந்தது. பழைய ரிலேயின் காலை அந்த ஒரு துளையில் மட்டும் செருகி இழுத்தேன். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே காலைக் கவ்விப் பிடிக்க வேண்டிய செப்புத் தகடு சூட்டில் தன் விறைப்பை இழந்திருந்தது. ரிலேக்கள் ஒன்றும் கெட்டவையல்ல. அந்தத் தளர்ந்த துளையில் எந்த ரிலேயைச் செருகியிருந்தாலும் கருகியிருக்கும். சாக்கெட்டின் அந்த முனையை மாற்றிய பிறகு கோளாறு திரும்பவில்லை.

எல்லாக் கால்களும் ஒரே மாதிரி பழுப்பேறி, தொடுமுனை மட்டும் கரிந்திருந்தால் பம்பு அளவுக்கு மீறி இழுக்கிறதா என்று பாருங்கள். ரிலேயின் இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து 30-க்கும் 87-க்கும் இடையே சில விநாடி அளக்கலாம். கம்பியை வெளியிலிருந்தே கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமாக 5 ஆம்பியர் இழுக்கும் பம்பு 10 இழுத்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது மோட்டார் இறுகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பம்பு இன்று ரிலேயைத் தின்னும், நாளை தானும் நின்றுபோகும்.

உப்புத்தாளால் தொடுமுனையைத் தேய்த்து மறுபடி போடலாமா?

அவசரத்துக்கு ஒரு நாள் ஓடும். தொடுமுனையின் மேல் இருப்பது மெல்லிய வெள்ளிக் கலவைப் பூச்சு. தேய்த்தால் அதுவும் போய்விடும். முன்பைவிட வேகமாகக் கரியும். ஈயப்பற்று விரிசல் வேறு கதை. சூட்டுக்கோலைக் கையாளத் தெரிந்தவர் பழைய பற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் அது நிலைத்து நிற்கும்.

என் காரில் ரிலேயைக் கழற்றவே முடியவில்லை. பெட்டியோடு ஒட்டியிருக்கிறது.

பியூஸ் பெட்டிக்குள்ளேயே சர்க்யூட் பலகையில் பற்றவைத்த ரிலேக்கள் இப்போது நிறைய வருகின்றன. இடம் மிச்சம், பழுதானால் தலைவலி. கிறைஸ்லர் நிறுவனம் 2014-இல் 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே உறுப்புக்காகத்தான். மின் விநியோகப் பெட்டிக்குள் இருந்த பம்பு ரிலே சூட்டில் கெட்டு, எஞ்சின் கிளம்பாமலோ ஓடும்போதே நின்றோ போகக்கூடும் என்று கண்டறியப்பட்டது. பெட்டிக்கு வெளியே தனி ரிலே ஒன்றைப் பொருத்தித் தீர்த்தார்கள். உங்கள் மாடலுக்கும் இப்படித் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பலகை வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களே அறுத்து ஒட்ட வேண்டாம்.

இன்னும் சில புதிய கார்களில் ரிலேயே கிடையாது. பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அங்கே 30, 87 கம்பிச் சோதனை செல்லாது.

கணினி பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் என்ன குறியீடு வரும்?

பி0230 என்றால் பம்பை இயக்கும் முதன்மைச் சுற்றில், அதாவது பெரும்பாலும் ரிலேயின் சுருள் பக்கத்தில் கோளாறு. பி0231, பி0232 இரண்டும் பம்புக்குப் போகும் சுற்றில் மின்சாரம் குறைவு, மிகுதி என்று சொல்பவை. பி0627 கட்டுப்பாட்டுச் சுற்று அறுந்திருப்பதைக் குறிக்கும். பி0087 எரிபொருள் அழுத்தம் குறைவு என்பதை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. குறியீடு எதுவும் வராமலேயே ரிலே கெட்டிருப்பதும் சகஜம். தொடுமுனை கரிந்ததைப் பல கணினிகளால் பார்க்க முடியாது.

டீசல் கார், கேஸ் கிட் பொருத்திய கார், பழைய கார்புரேட்டர் கார்?

கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் பம்பை எஞ்சினே இயக்கும், ரிலே இல்லை. டீசல் கார்களில் டேங்குக்குள் மின்சாரப் பம்பு இருந்தால் ரிலேயும் இருக்கும், மேலே சொன்ன சோதனைகள் பொருந்தும். கேஸ் கிட் பொருத்திய கார்களில் கேஸுக்கு மாறும்போது பெட்ரோல் பம்பை நிறுத்துவதற்காகத் தனியாக ஒரு ரிலே சேர்த்திருக்கலாம். கேஸில் ஓடி, பெட்ரோலில் மட்டும் நின்றால் அந்தக் கூடுதல் ரிலேயையும், அதற்காக வெட்டி ஒட்டிய கம்பிகளையும் முதலில் பாருங்கள். பின்னால் பொருத்திய திருட்டுத் தடுப்பு அலாரங்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் பலவும் பம்புக் கம்பியை வெட்டும்.

புது ரிலே போட்டாயிற்று. சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் ஓடும்போதே ரிலேயின் தலையைத் தொடுங்கள்; சுழலும் விசிறியிலிருந்து கையும் சட்டையும் விலகியிருக்கட்டும். பக்கத்தில் உள்ள மற்ற ரிலேக்களைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கலாம். விரலை வைக்க முடியாத சூடு இருந்தால் சாக்கெட்டோ பம்போ இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை. முடிந்தால் பம்பின் இணைப்பானில் வோல்ட் அளந்து பேட்டரியின் வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். வழி முழுவதற்கும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஒரு மாதம் கழித்து ரிலேயை ஒரு முறை கழற்றி, கால்களின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மாட்டிவிடுங்கள்.